கூண்டுக்குள் ஒரு துப்பறிவாளர்: 'அன்டெட் கேர்ள் மர்டர் ஃபார்ஸ்' அனிமே தொடரைப் பற்றி

கொலையுண்டவர் ஒரு ரத்தக்காட்டேரி. கொலையாளியைக் கண்டுபிடித்துத் தரும்படி கேட்பவர் அவருடைய கணவர், அவரும் ரத்தக்காட்டேரிதான். அந்த அழைப்பை ஏற்று, பிரான்சின் கிழக்கே ஜூரா பகுதிக் காட்டுக்குள் இருக்கும் கோட்டைக்கு வந்து சேரும் துப்பறிவாளருக்கோ கழுத்துக்குக் கீழே உடலே கிடையாது. பறவைக் கூண்டு ஒன்றினுள் வைக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் தலைதான் அவர். இப்படி ஒரு தொடக்கத்தைக் கேள்விப்படுகிறவர்கள், விசித்திரத்தை மட்டும் நம்பி எடுக்கப்பட்ட தொடராக இருக்கும் என்று எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணினேன். பார்த்து முடித்த பிறகு, அண்மை ஆண்டுகளில் அனிமே என்னும் ஜப்பானிய அசைபடங்களில் வந்த துப்பறியும் கதைகளில் அறிவுக்கு இத்தனை மரியாதை கொடுத்த வேறொன்றை என்னால் எளிதில் சொல்ல முடியவில்லை. அந்த மரியாதையைத் தொடர் கடைசிவரை காப்பாற்றவில்லை என்ற வருத்தமும் கூடவே இருக்கிறது. இரண்டையும் சொல்லத்தான் இந்த மதிப்புரை.

யூகோ அவோசாகி எழுதி 2015 முதல் கோதன்ஷா வெளியிட்டு வரும் நாவல்களைத் தழுவி, லாபின் ட்ராக் நிறுவனம் தயாரித்த இந்தத் தொடர், 2023 ஜூலை முதல் செப்டம்பர் வரை ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் 13 அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. இயக்கம் மமோரு ஹதாகேயாமா. கதைத் தொகுப்பு நொபோரு தகாகி. நான் பார்த்தது ஜப்பானிய ஒலியும் ஆங்கில சப்டைட்டிலும் கொண்ட வடிவம். இதற்கு முன்பும் ரத்தக்காட்டேரிகளும் துப்பறிதலும் அனிமேயில் சேர்ந்ததுண்டு. 1998இல் 12 அத்தியாயங்களாக வந்த 'நைட்வாக்கர்' தொடரில் துப்பறிகிறவனே ரத்தக்காட்டேரியாக இருந்தான். ஆனால் அங்கே துப்பறிதல் என்பது இரவில் அரக்கர்களைத் தேடிச் சென்று வெட்டுவதற்கான காரணமாக மட்டுமே இருந்தது. ரத்தக்காட்டேரியின் இயல்பையே ஒரு புதிரின் விதிகளாக மாற்றிக் காட்டியதுதான் இந்தத் தொடரின் தனிச் சாதனை.

ஒரு சொல்லைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ரத்தக்காட்டேரி என்ற பெயர் நமக்குப் பழகிவிட்டது என்றாலும், காட்டேரி என்பவள் நம் ஊர்களில் அச்சத்தோடும் பக்தியோடும் படையலிட்டு வணங்கப்படுகிற தெய்வமும்கூட. ஐரோப்பியக் கதைகளில் வருகிற ரத்தக்காட்டேரிக்கு அந்தத் தெய்வத்தன்மை கிடையாது. அவர்கள் பெரும்பாலும் கோட்டையும் நிலமும் பட்டமும் உள்ள பிரபுக்கள். இந்தத் தொடரில் மனைவியைப் பறிகொடுத்து வழக்கைக் கொண்டுவரும் கோதார் பிரபு அந்த வழக்கத்திலிருந்தும் ஓர் அடி விலகி நிற்கிறார். மனித ரத்தத்தைக் குடிப்பதில்லை என்று மனிதர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, மனைவி மக்களோடு ஒதுங்கி வாழும் குடும்பத்தலைவர் அவர். அந்த உடன்படிக்கையால் தம் இனத்தாரின் வெறுப்பையும் சம்பாதித்தவர். மனிதர்களின் முழு நம்பிக்கையையும் பெறாதவர். இரண்டு பக்கமும் பகை இருக்கும் வீட்டில் கொலை விழுந்தால் சந்தேகம் எந்தப் பக்கமும் போகலாம். கதை இந்த இடத்தில்தான் காலூன்றுகிறது.

கோட்டைக்குப் போகும் முன் முதல் அத்தியாயத்தைக் கடந்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மெய்ஜி காலத்து ஜப்பானில், அரசு பூதங்களையும் அரக்கர்களையும் ஒழித்துக்கட்டி வரும் நாட்களில், காட்சிக்கூடம் ஒன்றில் பார்வையாளர்கள் முன்னிலையில் அரக்க உயிர்களை வெறுங்கையால் அடித்துக் கொல்வதைப் பிழைப்பாக வைத்திருக்கிறான் ட்சுகாரு. அவன் பாதி மனிதன், பாதி 'ஓனி' என்னும் ஜப்பானிய அரக்கன். அவன் விரும்பி அப்படி ஆகவில்லை. கைத்தடியில் 'எம்' என்ற எழுத்தைப் பொறித்துக்கொண்ட ஒரு வெளிநாட்டு முதியவர், ஓனியின் குருதியை அவன் உடலில் செலுத்திவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் குருதி நாளாக ஆக அவனை விழுங்கிவிடும். ஓர் இரவு, துணி போர்த்திய கூண்டு ஒன்றைச் சுமந்தபடி ஒரு பணிப்பெண் அவனைத் தேடி வருகிறார். கூண்டுக்குள்ளிருந்து பேசும் குரல் அவனிடம் கேட்பது ஓர் உதவி: 'என்னைக் கொன்றுவிடு.'

அவர்தான் அயா ரிந்தோ. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வரும், சாகவே முடியாத பெண். எந்தக் காயமும் ஆறிவிடும் அவருடைய உடலை, ஓனியின் வலிமை மட்டுமே வெல்ல முடியும். அந்த வலிமையைக் கொண்டு யாரோ அவர் தலையைத் துண்டித்து, உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். (பெயரை நெடிலில் எழுதினால் 'ஆயா' ஆகிவிடும் என்பதால் குறிலில் எழுதுகிறேன். என்னோடு சேர்ந்து தொடரைப் பார்த்த என் அக்கா மகள், இத்தனை வயதானவரை ஆயா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டு, கடைசிவரை அப்படியேதான் அழைத்தாள்.) கொல்லச் சொன்னவரிடம், 'கொல்வதைவிட உங்கள் உடலைத் தேடிக் கண்டுபிடிப்போமே' என்று ட்சுகாரு பதில் பேரம் பேச, இருவரின் கதியையும் மாற்றிய அந்த 'எம்' முதியவரைத் தேடி மூவரும் ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறார்கள். வழிச்செலவுக்கும் தடயத்துக்குமாக, பூதங்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளை மட்டும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இந்த முதல் அத்தியாயத்தின் பெரும்பகுதி பேச்சுதான். சண்டையை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு அது பொறுமையைச் சோதிக்கலாம். எனக்கு அது மிகவும் பிடித்தது. பேசுகிறவரின் முகத்தை நெடுநேரம் காட்டாமல், குரலையும் கூண்டின் மீதுள்ள துணியையும் விளக்கொளியையும் மட்டும் வைத்துக்கொண்டு ஓர் உரையாடலைத் தாங்கிப் பிடிப்பது எளிய வேலையில்லை. அயாவுக்குக் குரல் கொடுத்திருக்கும் தொமொயோ குரோசாவா, பதினான்கு வயதுத் தோற்றத்துக்குள் இருக்கும் முதுமையை இழுத்துப் பேசாமலும் நடுங்கிப் பேசாமலும், சற்றே அசட்டையான நிதானத்தாலேயே கேட்கச் செய்கிறார். உடலசைவு என்று எதுவுமே இல்லாத ஒரு பாத்திரத்துக்குக் குரலும் கண்களும்தான் உடல். இதைப் படக்குழுவினர் முழுதாக உணர்ந்திருக்கிறார்கள்.

இப்போது கோட்டைக்கு வருவோம். தொடரின் உச்சம் இரண்டாவது முதல் நான்காவது வரையிலான அத்தியாயங்களில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்ப்பதில் தவறில்லை.

கோதார் பிரபுவின் மனைவி ஹன்னா, தம் அறையில் வெள்ளிக் கூர்முளையால் குத்தப்பட்டும், புனித நீரால் உடல் வெந்தும் இறந்து கிடக்கிறார். இந்தக் கதையுலகில் வெள்ளியால் உண்டான காயம் ரத்தக்காட்டேரிக்கு ஆறாது. புனித நீர் பட்டால் தோல் வெந்துபோகும். சூரிய ஒளி ஆகாது. இவையெல்லாம் நெடுங்காலமாகப் பழகிப்போன விதிகள். வழக்கமான கதைகளில் இவை கொல்வதற்கான வழிகளாக மட்டும் பயன்படும். இங்கே அவை சாட்சியங்களாக மாறுகின்றன. கொன்றவர் வெளியாள் என்றால், இரவில் விழித்திருக்கும், மனிதரைவிடக் கூர்ந்த புலன்கள் உள்ள ஒரு குடும்பத்தின் கண்ணிலும் காதிலும் படாமல் வந்துபோனது எப்படி? கொன்றவர் வீட்டாள் என்றால், தமக்கே நஞ்சான பொருள்களைக் கையாண்டது எப்படி? கேள்வி இவ்வளவுதான். சாதாரணக் கொலைக்கதையில் கைரேகைக்கும் காலடித்தடத்துக்கும் இருக்கும் இடம் இங்கே வெள்ளிக்கும் புனித நீருக்கும் கிடைக்கிறது. ஒரு பொருளை யார் தொட முடியும், யார் தொட முடியாது, எவ்வளவு நேரம் தொட முடியும் என்ற மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டே அயா அந்த வீட்டை வலம் வருகிறார்.

'வலம் வருகிறார்' என்று எழுதும்போதே அவரால் நடக்க முடியாது என்பது நினைவுக்கு வருகிறது. கூண்டைச் சுமப்பவர் பணிப்பெண் ஷிஸுகு. அவர் எந்த உயரத்தில் கூண்டைப் பிடிக்கிறாரோ, அதுவே துப்பறிவாளரின் பார்வை உயரம். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கவோ, கதவைத் தட்டவோ, குனிந்து முகரவோ அயாவால் ஆகாது. பார்க்கலாம், கேட்கலாம், யோசிக்கலாம், பேசலாம், அவ்வளவே. துப்பறியும் கதை என்ற வடிவத்துக்கு உண்மையில் தேவையானவையும் இவை மட்டும்தான் என்பதை இந்தப் பாத்திரம் காட்டிவிடுகிறது. நாற்காலியை விட்டு எழாமல் வழக்கைத் தீர்க்கும் துப்பறிவாளர்கள் கதைகளில் முன்பே உண்டு. அந்த மரபை, எழுந்திருக்கவே உடலில்லாத ஒருவர் வரை கொண்டுபோன துணிச்சலுக்காக நாவலாசிரியரைப் பாராட்ட வேண்டும்.

அந்த ஆசிரியரைப் பற்றியும் ஒரு செய்தி. யூகோ அவோசாகி, 2012இல் துப்பறியும் நாவலுக்கான அயுகாவா தெத்சுயா பரிசைப் பெற்று எழுத வந்தவர். ஜப்பானில் 'ஹொன்காகு' என்று ஒரு மரபு இருக்கிறது: விடைக்குத் தேவையான எல்லாத் தடயங்களும் விளக்கம் தொடங்கும் முன்பே வாசகர் கையில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், எதையும் ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்து நீட்டக்கூடாது. அவோசாகி அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர். பூதமும் அரக்கனும் உலவும் கதையில் இந்த நேர்மையைக் கடைப்பிடிப்பது இரட்டிப்புக் கடினம். ஏனென்றால் எதற்கும் மந்திரத்தைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். ரத்தக்காட்டேரி வழக்கில் அவர் ஒரு முறைகூடத் தப்பிக்கவில்லை.

நாங்கள் இருவரும் இதைச் சோதித்தே பார்த்தோம். விளக்கம் தொடங்கும் கட்டம் வந்ததும் என் அக்கா மகள் தொடரை நிறுத்திவிட்டு, 'சித்தி, நீங்க ஒரு பேரு எழுதுங்க, நான் ஒரு பேரு எழுதறேன்' என்று ஒரு பழைய கணக்கு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து நீட்டினாள். இருவரும் எழுதி மடித்துவைத்தோம். இருவர் எழுதியதும் தவறு. அதன் பிறகு இரண்டாவது அத்தியாயத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது, தேவையானவை எல்லாம் எங்கள் கண்முன்னேதான் இருந்தன. யாரோ கேட்ட சாதாரணக் கேள்விக்கு வந்த பதிலில் ஒன்று, ஒரு பொருள் இருந்த நிலையில் ஒன்று. ஏமாற்றப்பட்டோம் என்ற எரிச்சல் இல்லை. கவனிக்கத் தவறினோம் என்ற வெட்கமும், அதைவிடப் பெரிய மகிழ்ச்சியும் இருந்தன. துப்பறியும் கதையிடம் நான் கேட்பது இதைத்தான். விடையை இங்கே எழுதி அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மாட்டேன்.

விடையைவிடவும் அது வெளிப்படும் விதத்தில் இன்னொரு சிறப்பு இருக்கிறது. கொலைக்கான காரணம் அந்த வீட்டின் வாழ்க்கைமுறையிலிருந்தே முளைக்கிறது. மனிதரோடு இணங்கி வாழ்வதென்று முடிவெடுத்த ஒரு குடும்பம், அந்த முடிவுக்காக உள்ளுக்குள் என்ன விலை கொடுத்து வந்தது என்பது புதிர் அவிழும்போதுதான் தெரிகிறது. கோதார் பிரபுவின் முகத்தில் அப்போது படியும் வலி, கோரைப்பல்லும் வெளிறிய தோலும் உள்ள முகத்தில் படிகிறது என்பதே நமக்கு மறந்துபோகிறது.

தொடரின் பெயரில் உள்ள 'ஃபார்ஸ்' என்ற சொல்லுக்கு வருகிறேன். கேலிக்கூத்து என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். கொலை நடந்த வீட்டிலும் ட்சுகாரு ஓயாமல் வேடிக்கை பேசுகிறான். அயா அவனை மட்டம் தட்டுகிறார். ஷிஸுகு ஆயுதத்தைத் தூக்குகிறார். இந்தப் பேச்சின் வேர் 'ரகுகோ' என்னும் ஜப்பானியக் கதைசொல்லும் கலையில் இருக்கிறது. திண்டில் மண்டியிட்டு அமர்ந்த ஒரே கலைஞர், விசிறி ஒன்றையும் கைத்துண்டு ஒன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாப் பாத்திரங்களையும் தாமே பேசி, கடைசி வரியில் சிரிக்க வைத்து முடிக்கும் கலை அது. நம் கதாகாலட்சேபத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் சுவை உடனே பிடிபடும். ட்சுகாருவின் குடும்பப் பெயரான 'ஷினுச்சி' என்பதே ரகுகோ கலைஞர்களில் மிக உயர்ந்த நிலையைக் குறிக்கும் சொல். இயக்குநர் ஹதாகேயாமா, ரகுகோ கலைஞர்களின் வாழ்க்கையைச் சொல்லும் அனிமே ஒன்றை 2016, 2017 ஆண்டுகளில் இரண்டு பருவங்களாக எடுத்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும். பேச்சின் வேகமும், ஒருவர் முடிக்கும் முன் அடுத்தவர் பிடித்துக்கொள்ளும் தாளமும், நகைச்சுவைக்குப் பின் விழும் அரை நொடி அமைதியும் கச்சிதமாக வந்திருக்கின்றன. ட்சுகாருவுக்குக் குரல் கொடுத்த தகு யாஷிரோ மூச்சுவிடாமல் பேசும் இடங்களில், பொருள் முழுதும் புரியாவிட்டாலும் காதுக்கு இன்பமாக இருக்கிறது.

பொருள் முழுதும் புரியாது என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்குள்ள குறை. இந்தப் பேச்சில் பாதி சிலேடை. காளமேகத்தின் பாட்டை வேறு மொழியில் பெயர்த்தால் பாம்பு நிற்கும், வாழைப்பழம் காணாமல் போகும். அதே கதிதான் இங்கும். 'அயா' என்ற பெயரை எழுதும் இரண்டு சீன எழுத்துகளுக்குக் காகம் என்றும் இரவு என்றும் பொருள். பறவைக் கூண்டுக்குள் இருப்பவரின் பெயரிலேயே பறவை இருக்கிறது. இது சப்டைட்டிலில் வராது. ஷிஸுகுவின் பெயரில் 'அமைதி' என்ற எழுத்து இருப்பதும், அவர் தொடரிலேயே மிகக் குறைவாகப் பேசுகிறவர் என்பதும்கூட அப்படித்தான் நழுவுகிறது. இதைத் தொடரின் பிழையாகச் சொல்ல முடியாது. ஆனாலும் பார்க்கிறவர்கள் தங்களுக்குக் கிடைப்பது முக்கால் பங்கு என்று தெரிந்தே பார்ப்பது நல்லது.

தொடரின் உண்மையான பிழைகள் லண்டனில் தொடங்குகின்றன.

ஐந்தாவது அத்தியாயத்திலிருந்து எட்டாவது வரை நீளும் இந்தப் பகுதியில், ஜூல்ஸ் வெர்னின் நாவலில் உலகைச் சுற்றிவந்த ஃபிலியஸ் ஃபாக் ஒரு கருப்பு வைரத்தை வைத்திருக்கிறார். அதைத் திருடப்போவதாக, பிரெஞ்சுக் கதைகளின் புகழ்பெற்ற திருடன் அர்சேன் லூபின் முன்னறிவிப்புக் கடிதம் அனுப்புகிறான். லூபினுக்குக் கூட்டாளி பாரிஸ் இசையரங்கின் முகமூடி மனிதன். வைரத்தைக் காக்க ஷெர்லாக் ஹோம்ஸும் வாட்சனும் வருகிறார்கள். அயாவின் குழுவும் வருகிறது. பூதங்களை ஒழிப்பதையே கொள்கையாகக் கொண்ட காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் ஆட்களும் வருகிறார்கள். இவர்கள் போதாதென்று, ஹோம்ஸின் பரம எதிரியும் மூவரும் தேடிவந்த அந்த 'எம்' முதியவருமான பேராசிரியர் மோரியார்ட்டியின் கூட்டமும் நுழைகிறது: லண்டனை நடுங்கவைத்த கொலைகாரன் ஜாக் தி ரிப்பர், மாயவித்தைக்காரர் அலெய்ஸ்டர் குரோலி, ஃபிராங்கென்ஸ்டைன் படைத்த மனிதன், பெண் ரத்தக்காட்டேரி கார்மில்லா. ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் நான்கு அத்தியாயங்களுக்குள் இத்தனை பேர்! இவர்களில் பலர் தத்தம் கதையில் தனித்து நின்று ஒரு நாவலையே தாங்கியவர்கள். அவர்களை ஒரே வீட்டுக்குள் அடைத்தால், ஒவ்வொருவருக்கும் அறிமுக வசனம் ஒன்று, சண்டை ஒன்று என்பதற்கு மேல் எதற்கும் நேரம் இருப்பதில்லை.

ஹோம்ஸும் அயாவும் சந்திக்கிறார்கள் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உலகம் அறிந்த துப்பறிவாளரும் உடலற்ற துப்பறிவாளரும் ஒரே புதிரை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து அவிழ்த்தால் எப்படி இருக்கும்! அதற்கான தருணங்கள் சில கிடைக்கத்தான் செய்கின்றன. இருவரும் ஒருவரையொருவர் அளந்து பார்த்துக்கொள்ளும் பேச்சு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது சூடு பிடிக்கும் வேளையில் சுவர் இடிகிறது, கண்ணாடி உடைகிறது, அடிதடி தொடங்கிவிடுகிறது. லூபின் திருட்டுக்குப் போட்ட திட்டம் கெட்டிக்காரத்தனமானது; அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நமக்குக் கொடுக்கப்படுவதற்குள் அது நடந்து முடிந்துவிடுகிறது. கோட்டையில் நம்மோடு உட்கார்ந்து யோசித்த தொடர், லண்டனில் நம் கையை உதறிவிட்டு ஓடுகிறது.

சண்டைகள் மோசமாக எடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். ட்சுகாருவும் ரிப்பரும் மோதும் காட்சியில் அசைவுகள் தெளிவாகவும் எடையோடும் இருக்கின்றன. கூண்டையும் அதனுள் இருக்கும் தலையையும் காப்பாற்றியபடி சண்டையிட வேண்டியிருப்பது ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு பதற்றத்தைச் சேர்க்கிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எந்த அரக்கனின் ஆறும் திறனையும் முறியடிக்கும் வலிமை ட்சுகாருவிடம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆகவே அவன் தோற்பான் என்ற அச்சம் நமக்கு வருவதில்லை. அறிவால் வெல்ல வேண்டிய இடத்தில் அயா தோற்கக்கூடும் என்ற அச்சம் இதைவிடப் பத்து மடங்கு சுவையானது. அதைத் தந்த நேரத்தைக் குறைத்து இதற்குக் கொடுத்திருக்கிறார்கள்.

கார்மில்லாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1870களின் தொடக்கத்தில் அயர்லாந்து எழுத்தாளர் ஒருவரின் குறுநாவலில் பிறந்தவள் அவள். இலக்கிய ரத்தக்காட்டேரிகளில் டிராகுலாவுக்கே மூத்தவள். பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஈர்ப்பும் அச்சமும் அந்தக் கதையில் மிக நுட்பமாகச் சொல்லப்பட்டிருக்கும். இந்தத் தொடரில் அவளும் ஷிஸுகுவும் மோதும் காட்சி, விருப்பமில்லாத ஒரு பெண்ணின் உடல் வலுக்கட்டாயமாகத் தீண்டப்படுவதைக் கிளர்ச்சியூட்டும் பார்வையோடு நெடுநேரம் காட்டுகிறது. ஷிஸுகு அதுவரை கண்ணியமும் கட்டுப்பாடும் உள்ளவராகவே படைக்கப்பட்டவர். தம் எஜமானிக்காக உயிரையும் கொடுக்கத் தயங்காதவர். அவரை அப்படிப் பார்க்க கேமராவுக்கு எந்தத் தேவையும் இல்லை. எனக்கு அது உறுத்தியது பக்கத்தில் அக்கா மகள் இருந்ததால் மட்டும் அன்று. தனியாகப் பார்த்திருந்தாலும் உறுத்தியிருக்கும். கோதார் பிரபுவின் வீட்டில் ரத்தக்காட்டேரிகளை இவ்வளவு மனிதத்தன்மையோடு அணுகிய அதே தொடர், கார்மில்லாவிடம் வந்ததும் பழைய மலிவான வழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது என்பதுதான் எனக்கு மிகுந்த ஏமாற்றம்.

மூன்றாவது வழக்கு ஜெர்மனியின் மலைப்பகுதியில் நடக்கிறது. மனிதர்கள் வாழும் கிராமத்தில் சிறுமிகள் கடத்தப்பட்டுக் கொல்லப்படுகிறார்கள். பழி ஓநாய் மனிதர்கள்மேல் விழுகிறது. அதே வேளையில், யாருக்கும் தெரியாமல் ஒளிந்து வாழும் ஓநாய் மனிதர்களின் கிராமத்திலும் சிறுமிகள் கொல்லப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பழி மனிதர்கள்மேல். ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் நிற்கும் இரண்டு ஊர்கள், இரண்டு பயங்கள், ஒரே மாதிரியான பெண்குழந்தைகளின் சாவு என்ற இந்த அமைப்பு, நாவலாசிரியரின் திறமை லண்டனிலேயே தீர்ந்துவிடவில்லை என்பதைக் காட்டுகிறது. இதன் விடை மூன்று வழக்குகளிலும் மிகத் துணிச்சலானது. ரத்தக்காட்டேரி வழக்கின் விடையைவிடவும் பெரியது என்றே சொல்வேன். பெண்களை ஓர் ஊர் என்னவாக எண்ணுகிறது என்ற கேள்வி அந்த விடைக்குள் இருக்கிறது.

ஆனால் அந்த விடையை வாங்கிக்கொள்ள நமக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஊர்க்காரர்களின் ஜெர்மன் பெயர்கள் வரிசையாக வந்து விழுகின்றன. யார் எந்த ஊர், யாருக்கு யார் உறவு என்று மனத்தில் பதிவதற்குள் காட்சி மாறிவிடுகிறது. நடுவே மோரியார்ட்டியின் கூட்டமும் காப்பீட்டு நிறுவனத்தின் ஆட்களும் மலையேறி வந்து சேர்ந்துகொள்ள, மீண்டும் சண்டை. கடைசியில் அயா எல்லோரையும் நிறுத்திவைத்துப் பேசத் தொடங்கும்போது, ஒரு நாவலின் பல பக்கங்களுக்கு உரிய தர்க்கம் சில நிமிடங்களில் ஓடி முடிகிறது. நான் அந்தப் பகுதியை மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறைதான் எல்லா முடிச்சும் சரியாக இருப்பது தெரிந்தது. தர்க்கம் பழுதற்றது, அதைச் சொல்லிய வேகம்தான் பழுது. இந்த வழக்குக்கு மட்டும் இன்னும் இரண்டு அத்தியாயங்கள் கிடைத்திருந்தால் இதையே தொடரின் சிகரமாக எழுதியிருப்பேன்.

காட்சியமைப்பில் ஹதாகேயாமாவின் கை தொடர் முழுதும் தெரிகிறது. நீண்ட உரையாடல்களைச் சலிப்பில்லாமல் எடுப்பது அவருக்குக் கைவந்த கலை. பேசுகிறவரை விட்டுவிட்டு ஒரு கையையோ, நிழலையோ, கூண்டின் கம்பிகளுக்கு நடுவே தெரியும் ஒற்றைக் கண்ணையோ காட்டி, பேச்சையே ஒரு செயலாக ஆக்கிவிடுகிறார். கோட்டையின் இருளும், மஞ்சள் விளக்கொளியும், கோட்டையைச் சுற்றியுள்ள காட்டின் குளிர்ந்த நீலமும் நினைவில் நிற்பவை. யூமா யமகுச்சியின் பின்னணி இசை வேடிக்கைக்கும் துயரத்துக்கும் நடுவே தடுமாறாமல் நடக்கிறது. தொடக்கப் பாடல் எனக்கு ஒட்டவில்லை. இன்றைய நடனக்குழுப் பாடலின் துள்ளல், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடக்கும் இந்தக் கதைக்கு வேறொரு வீட்டின் வாசற்கதவுபோல் இருக்கிறது.

இன்னொரு குறையை மனவருத்தத்தோடு சொல்கிறேன். முதல் அத்தியாயத்தில் அயா கேட்டது மரணத்தை. தொள்ளாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து, பழகிய எல்லோரும் இறப்பதைப் பார்த்து, கடைசியில் சொந்த உடலையும் இழந்த ஒருவர், சாக முடியாததே தம் சாபம் என்று எண்ணிய இரவு அது. அந்த எண்ணம் எங்கே போயிற்று? பயணம் தொடங்கியதும் அவர் கிண்டலும் கூர்மையுமாக மாறிவிடுகிறார். அது அவருக்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் சாக விரும்பிய ஒருவர், பிறருடைய சாவுக்குக் காரணம் தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார் என்பதில் உள்ள ஆழத்தைத் தொடர் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஹன்னாவின் சடலத்தின் முன்னால், ஜெர்மன் கிராமத்துச் சிறுமிகளின் சாவின் முன்னால், அயாவின் முகத்தில் ஒரு நொடி கூடுதலாகத் தங்கியிருந்தால் போதும். ஷிஸுகுவுக்கும் அயாவுக்கும் இடையிலுள்ள, எஜமானி–பணிப்பெண் என்ற சொற்களுக்குள் அடங்காத பாசமும் அப்படித்தான் கோடிட்டுக் காட்டப்படுகிறது; விரித்துச் சொல்லப்படவில்லை.

பதின்மூன்றாவது அத்தியாயம் முடியும்போது அயாவின் உடல் கிடைத்திருக்காது. மோரியார்ட்டி பிடிபட்டிருக்க மாட்டார். மூன்று வழக்குகளும் தனித்தனியே முடிந்துவிடுவதால் பாதியில் கைவிடப்பட்ட உணர்வு வருவதில்லை என்றாலும், முழுக் கதையும் வேண்டும் என்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். வெட்டுண்ட தலை, ரத்தம், சிறுமிகளின் கொலை, நான் மேலே சொன்ன கார்மில்லா காட்சி ஆகியவற்றால் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க இது உகந்ததன்று. கல்லூரி வயதை எட்டியவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழியும் சொல்கிறேன். முதல் நான்கு அத்தியாயங்களையும் ஒரே நாளில் பாருங்கள்; மூன்றாவது முடிந்ததும் நிறுத்திவிட்டு ஒரு பெயரை எழுதிவையுங்கள். லண்டன் பகுதியைப் புதிராக எண்ணாமல் வேடிக்கையாக எண்ணிப் பார்த்தால் ஏமாற்றம் குறையும். ஜெர்மன் பகுதிக்குப் போகும்போது பக்கத்தில் தாளும் பேனாவும் இருக்கட்டும். இரண்டு ஊர்களுக்கும் இரண்டு பத்தி போட்டு, வருகிற பெயர்களையெல்லாம் குறித்துக்கொண்டே வாருங்கள். என் அக்கா மகள் அப்படித்தான் செய்தாள். கடைசி அத்தியாயத்தில் அயா வாய் திறப்பதற்கு முன்பே, இரண்டு பத்திகளுக்கும் நடுவே அவள் ஒரு கோடு இழுத்து என்னிடம் காட்டினாள். இந்த முறை அவள் எழுதியது சரி.